இடவப்பாதி

குலசேகரத்தில் மழை ஆண்டுக்கு இரண்டு தடவை வரும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் மேற்கே கடலிலிருந்து ஒன்று. தீபாவளியை ஒட்டி இடியும் மின்னலுமாய் இன்னொன்று. எங்கள் பக்கம் 1956-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து எவ்வளவோ காலமான பிறகும் பாட்டா மாதங்களை மலையாளக் கணக்கில்தான் வைத்திருந்தார். முதல் மழை அவருக்கு இடவப்பாதி, இரண்டாவது துலாவர்ஷம். துலாமழை சாயங்காலம் வந்து ஊரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ராத்திரிக்குள் போய்விடும். எனக்குப் பிடித்தது இடவப்பாதிதான். அதற்கு எந்த அவசரமும் கிடையாது. இன்று காலையில் தொடங்கினால் நாளைக் காலையிலும் அதே சுருதியில் பெய்துகொண்டிருக்கும்.

அது வருவதை நாங்கள் முதலில் காதால்தான் அறிவோம். வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள், வானம் தெரிகிற இடம் முற்றமும் கிணற்றடியும் மட்டும். அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் இலைமேல் விழத் தொடங்கும்போது தொலைவில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். அது தோட்டம் தோட்டமாகக் கடந்து, அடுத்த வீட்டு மாமியின் தகரக்கூரையைத் தட்டி, எங்கள் முற்றத்துக்கு வருவதற்குள் அம்மை அடுக்களையிலிருந்து, “மழ வருகு மக்கா, கொடியில கெடக்கத எடு” என்று கத்துவாள். நான் துணியை வாரிக்கொண்டு ஓடும்போது புழுதியிலிருந்து எழுகிற வாசனையோடு, தோட்டத்துக்காரரின் புகைக்கூட்டில் காய்கிற ரப்பர் ஷீட்டின் கரிந்த நெடியும், ஈரக் காற்றில் தாழ்ந்து வந்து முற்றத்திலேயே தங்கிவிடும். இன்றைக்கும் எங்காவது விறகுப் புகை அடித்தால் எனக்கு மழை வாசனை அடிப்பதுபோல இருக்கிறது.

ஆனால் நான் மழையை அப்படிக் காதலித்ததற்குக் காரணம் வாசனை அல்ல. அப்பாதான்.

அப்பா பால்வெட்டுக்காரர். பிறர் தோட்டத்தில் கூலிக்கு ரப்பர் வெட்டுகிறவர். ராத்திரி மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், ஏனென்றால் வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரம் நன்றாகப் பால் சுரக்கும். ஒவ்வொரு மரத்திலும் பாதிச் சுற்றுக்கு, இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்குகிற பழைய வெட்டின் ஓரத்தில், பட்டையை மெல்லிய சுருளாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கித் தடியைத் தொட்டுவிட்டால் அந்த மரத்துக்குப் புண். வெட்டி முடித்து, சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் கலந்து உறைய ஊற்றிவிட்டு அவர் வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். நான் எழும்பும்போது அவர் இருக்கமாட்டார். பள்ளி விட்டு வரும்போது, புளித்த பால் வாசம் போகாத கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு உறங்கிக் கிடப்பார். ராத்திரி சீக்கிரம் படுத்துவிடுவார்.

மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் வெட்டுச் சாலில் நிற்காமல் மரமெல்லாம் பரந்து வழியும், சிரட்டையில் மழைநீர் நிறையும், வெட்டிய இடம் அழுகிப்போகும். ஆகவே விடியற்காலை உறக்கத்திலேயே ஓட்டின்மேல் மழைச் சத்தம் கேட்டால், கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிடும், அப்பா வீட்டில் இருக்கிறார் என்று. போர்வைக்குள் கிடந்தபடி அடுத்த சத்தங்களுக்குக் காது கொடுப்பேன். திண்ணையில் அவர் இருமுவது, தீட்டுகல்லில் கத்தியை இழுத்து இழுத்துத் தேய்ப்பது, கட்டஞ்சாயாவை உறிஞ்சிக் குடிப்பது. எல்லாம் கேட்டு உறுதியான பிறகுதான் எழும்பிப் போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்காருவேன்.

அன்றைக்கு முழுவதும் அவர் கை சும்மா இருக்காது. ஓடு ஒழுகுகிற இடத்தை உள்ளேயிருந்து கம்பால் நெம்பிச் சரிசெய்வார். அது இன்னோர் இடத்தில் ஒழுகும், அங்கே அம்மை ஒரு சருவத்தைக் கொண்டுவந்து வைப்பாள். குடைக்கம்பியை நூலால் கட்டித் தருவார். வெட்டுச் சாலில் உலர்ந்து ஒட்டிக்கிடக்கிற ஒட்டுப்பாலை நாடா நாடாவாகச் சேர்த்து வைத்திருப்பார். அதைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கி என் கையில் கொடுப்பார். அந்தப் பந்து தரையில் அடித்தால் உத்திரத்தைத் தொட்டுத் திரும்பும். கடைப்பந்து எதுவும் அப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை. அடுப்புச் சாம்பலில் சக்கைக்கொட்டையைப் புதைத்துச் சுட்டு, ஊதி, தோல் நீக்கி, ஒன்று எனக்கு, ஒன்று பாட்டாவுக்கு என்று பங்கிடுவார். மத்தியானம் மரச்சீனி. கடல் கொந்தளிக்கிற நாட்களில் தேங்காய்ப்பட்டணத்து மீன்காரி வரமாட்டாள், அதனால் கனலில் சுட்ட கருவாடும், உப்பு வைத்து நசுக்கிய காந்தாரி மிளகும். வாய் எரிய எரியத் தின்றுவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அம்மைக்கு இதே மழை வேறு கணக்கு. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. கர்க்கடகம் பிறந்ததும் பாட்டா, “கள்ளக் கர்க்கடகம்” என்று மாதத்தையே திட்டுவார். அந்த நாட்களில் வீடு ஓடியது அம்மைக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கிடைத்த கூலியில்தான். கொல்லாண்டி உடைத்து உடைத்து, தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல்களெல்லாம் கறுத்துப் போயிருக்கும். விடியும்போதே பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து, குடைகள் ஒன்றோடொன்று இடிக்க, மழைக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே அவர்கள் போவது எங்கள் வளைவு திரும்பும்வரை கேட்கும். போகும்போது அவள் வானத்தைப் பார்க்கிற பார்வையும் நான் பார்க்கிற பார்வையும் ஒன்றல்ல. அவளுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும், “இன்னைக்கு அப்பாகூட இரி மக்கா, பள்ளிக்கூடம் நாளைக்குப் போலாம்” என்று எத்தனையோ நாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு யாரும் தந்ததில்லை.

சாயாக்கடையில் பேப்பர் வாசிக்கிற அண்ணன் ஒருவர் மழைக்காலத்தில் அரசியலை விட்டுவிட்டு முதலில் அணை நிலவரத்தைத்தான் சத்தமாக வாசிப்பார். பேச்சிப்பாறை அணைக்கு உச்ச அளவு 48 அடி என்பது எங்கள் ஊரில் வாய்ப்பாடு படிக்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு. திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினீயர் பொறுப்பில் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த அணை அது. நாற்பதைத் தாண்டியதும் ஊரில் பேச்சு மாறும். ஒரு நாள், “டேமத் தொறந்துட்டானுவ” என்று யாரோ சொல்லிக்கொண்டு போக, அப்பா துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு, “வா, திற்பரப்புக்குப் போவோம்” என்றார்.

தோட்டங்களின் ஊடாகவே நடந்தோம். மழை விட்டிருந்தாலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அட்டை ஏறாமலிருக்க அப்பா என் காலில் புகையிலையும் உப்பும் தேய்த்திருந்தார். அந்த எரிச்சல்கூட அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு எவ்வளவோ முன்பே தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. மற்ற நாட்களில் பாறையில் நாலைந்து கிளையாகப் பிரிந்து, பெண்களும் பிள்ளைகளும் நின்று குளிக்கிற தண்ணீர், அன்று கரையிலிருந்து கரைவரை ஒரே செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மகாதேவர் கோயில் சுவரெல்லாம் சாரல். அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்து என் இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காதோரம் கத்திச் சொன்னால்தான் கேட்கும் என்பதால் நான் குனிந்து அவர் தலையோடு கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

“இந்த வெள்ளம் எங்க போவுது தெரியுமா மக்கா? நேரா தேங்காப்பட்டணம். கடல்ல இருந்து மேகமா வந்து, நம்ம வீட்டுக்கு மேல போயி, மலையில முட்டிப் பெஞ்சு, திரும்பவும் கடலுக்கே போவுது.”

அப்படியானால் ஒரே தண்ணீர் எங்களை இரண்டு முறை கடந்து போகிறது. போகும்போது மேலாக, திரும்பும்போது பக்கமாக. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு இதை யோசித்து யோசித்து எனக்கு உறக்கமே வரவில்லை. இத்தனை பெரிய விஷயம் தெரிந்த ஒருவர் மற்ற நாட்களில் யாருக்கும் தெரியாமல் இருட்டில் மரம் வெட்டப் போகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மரங்களுக்குப் பாவாடை வந்தது. வெட்டுச் சாலுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றித் தார் மாதிரி ஒரு பசையால் ஒட்டிவிட்டார்கள். மரத்தில் வழிகிற நீர் பாவாடையின்மேல் இறங்கிப் போய்விடும், சாலும் சிரட்டையும் நனையாது. மழை சற்று ஓய்ந்தால் போதும், வெட்டலாம். கடையில் எங்கள் பற்றுப் புத்தகத்தின் பக்கங்கள் குறைந்தன, கர்க்கடகத்திலும் சோறு பொங்கியது, அம்மையின் முகம் தெளிந்தது. அப்பா விளக்கைக் கட்டிக்கொண்டு மழைநாளிலும் கிளம்பினார். நான் விடியலில் மழைச் சத்தத்துக்குக் கண் விழித்து, இருமல் கேட்கிறதா என்று காது கொடுத்து, கேட்காமல் திரும்பிப் படுத்த காலைகள் உண்டு. அந்தப் பாவாடைகளின்மேல் எனக்கு இருந்த கோபத்தை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அப்பா வெட்டுவதில்லை. முட்டு வலி. கத்தி மட்டும் உத்திரத்தில் செருகியபடி இருக்கிறது. மழைநாளில் எடுத்துத் தீட்டிவிட்டுத் திரும்பச் செருகுகிறார் என்று அம்மை சொல்கிறாள். போன வாரம் சென்னையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. “மேக்க கறுத்துக் கெடக்கு மக்கா. இந்தத் தடவ நேரத்தே பிடிக்கும். அம்மை கருவாடு வாங்கி வச்சிருக்கா. பிள்ளையளக் கூட்டிட்டு எப்ப வாற?”

ஜூன் முதல் வாரத்துக்கு அனந்தபுரியில் குழித்துறைக்கு நாலு டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். நாளைக்குப் போகட்டும்.