பிளக் நனைஞ்சிருக்கா, காஞ்சிருக்கா?

எங்கள் பக்கத்துத் தோட்டங்காடுகளில் டி.வி.எஸ். 50 போகாத தடம் கிடையாது. வாய்க்கால் மேடு, செம்மண் புழுதி, மழை பெய்த மறுநாள் சேறு என எல்லாவற்றிலும் போகும். சீட்டுக்கு முன்னால் ஒரு தவிட்டு மூட்டை, பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டினாலும் முனகிக்கொண்டே இழுக்கும். 1980-ல் ஓசூரில் இருந்து வந்தபோது, இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி இந்தியாவில் வந்த முதல் மொபெட் இதுதான். பெயரில் இருக்கும் 50, அதன் 50 சிசி எஞ்சினைக் குறிக்கும். வெளிநாடுகளில் பண்ணை வேலைக்கென்றே தடித்த டயர் போட்ட நாலு சக்கர வண்டிகள் இருக்கின்றன. எங்களுக்கு அந்த வேலையெல்லாம் செய்தது இந்த ரெண்டு சக்கரம்தான்.

எங்கள் வீட்டு வண்டி 1998-ல் வாங்கிய எக்ஸ்எல். எஞ்சினைப் பிரித்து போர் போட்ட ஒரு தடவை தவிர, அது மெக்கானிக் கடையைப் பார்த்ததில்லை. எல்லாம் என் கணவர்தான். நாலைந்து ஸ்பேனர், ஒரு பிளக் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுருட்டி வைத்திருப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். வலது கை சரியாக மடங்கவில்லை, பேச்சு மெதுவாகிவிட்டது. ஆனால் நினைவில் ஒரு குறையும் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்குத்தான் அது புரியவில்லை. அவர் எதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே என்னைப் பார்த்து, "சாப்பிடறாரா? தூங்கறாரா?" என்று கேட்பார்கள். தோட்டத்தில் எந்த வயலில் என்ன போடலாம் என்பதைக்கூட யாரும் அவரிடம் கேட்பதில்லை. கொஞ்ச நாளில் அவரும் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வண்டி எட்டு மாதம் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் கிடந்தது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக நான் பக்கத்து வீட்டாரை நம்பி இருந்தேன். டவுனில் இருந்து வந்து பார்த்த மெக்கானிக், "பார்ட்ஸ் கிடைக்கறது சிரமம் அக்கா, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். பெங்களூரில் இருக்கும் மகன், "அம்மா, தவணையில எலெக்ட்ரிக் வண்டி எடுத்துத் தர்றேன்" என்றான். அன்றைக்கு ராத்திரி கட்டிலில் இருந்து அவர் குரல் வந்தது. "அம்மிணி, இரும்புக்குப் போடறதுக்கு முன்னால பிளக்கைக் கழட்டிப் பாரு. நனைஞ்சிருக்கா, காஞ்சிருக்கா?"

மறுநாள் காலை நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டு அவரை உட்கார வைத்தேன். வேலை என்னுடையது, யோசனை அவருடையது.

"எஞ்சினுக்கு மூணு வேணும். பெட்ரோல் வரணும், பொறி வரணும், காத்து வந்து புகை வெளிய போகணும். ஒண்ணொண்ணாக் கேட்டுட்டு வா. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல கை வைக்காத. அப்புறம் எதுனால சரியாச்சுன்னு தெரியாது" என்றார்.

ஸ்டாண்டு போட்டுப் பத்துப் பதினைந்து முறை பெடல் மிதித்துவிட்டு பிளக்கைக் கழற்றினேன். முனை காய்ந்திருந்தது. நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வருகிறது, பொறியில்தான் கோளாறு என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை குறைந்துவிட்டது.

டேங்கில் கிடந்ததை ஒரு பாட்டிலில் பிடித்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, வார்னிஷ் மாதிரி நெடி. அடியில் தனியாக ஒரு படிவு. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்க்கும் ஆகாது. எங்கள் குழாய் விறைத்துப்போய், மடக்கியதும் வெடித்தது. புதுக் குழாய் டவுனில் சுலபமாகவே கிடைத்தது.

அடுத்து கார்புரேட்டர். திருகாணி உருண்டு ஓடாமல் இருக்க ஒரு தாம்பாளத்தில் வைத்துப் பிரிக்கச் சொன்னார். உள்ளே பித்தளை ஜெட் ஒன்று இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிய வேண்டும். தெரியவில்லை. கம்பி விட்டுக் குத்தப் போனேன். "வேண்டாம்! பித்தளை மெதுவானது. ஓட்டை பெருசாச்சுன்னா பெட்ரோல் அதிகமா இறங்கும்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்றைக்குத்தான். நல்ல பெட்ரோலில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, காலையில் சைக்கிள் பம்பால் அடித்தேன். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலுடன் ஆயிலும் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் என்பது அவர் கணக்கு. குறைந்தால் பிஸ்டன் தேயும், கூடினால் கரி பிடிக்கும். நாலாவது மிதியில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஏறி உட்கார்ந்தால் இழுக்கவில்லை. மேட்டில் மூச்சு வாங்கியது.

"அது மூணாவது கேள்வி" என்றார். ஏர் ஃபில்டரைக் கழுவிப் போட்டும் மாற்றமில்லை. சைலன்சரின் உள்குழாயை உருவினேன். கரியும் ஆயிலும் சேர்ந்து பாதி அடைத்திருந்தது. புகை வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக் காற்று எப்படி உள்ளே வரும்? பெட்ரோல் பாட்டிலை வெகுதூரம் வைத்துவிட்டு, குழாயை மட்டும் வெளி அடுப்பில் காட்டி, ஆறியதும் தட்டினேன். ஒரு கைப்பிடி கரி கொட்டியது. மாட்டி ஓட்டியபோது பழைய இழுவை வந்துவிட்டது. குழாய், பிளக், ஆயில் எல்லாம் சேர்த்தும் ஆயிரம் ரூபாய் ஆகவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி கிடந்தால், விலை பேசுவதற்கு முன் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். எச்சரிக்கையும் வேண்டும். பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ரோட்டுக்குப் போய்விடாமல் முதலில் பிரேக் ஒயரையும் டயரையும் பாருங்கள். மேக்னட், பிஸ்டன் வேலையெல்லாம் மெக்கானிக்குக்கு விட்டுவிடலாம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அவர் கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. ஸ்பேனர் பிடிக்க முடியாது. அது மாறுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது தெருவில் யார் வீட்டு மொபெட் நின்றாலும் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். நான் வெளியே வந்து, "என்னப்பா?" என்றேன்.

"உங்ககிட்ட இல்லீங்க அத்தை, மாமாகிட்டதான் கேக்கணும்" என்று என்னைத் தாண்டிப் போய் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.