நாங்கள் குடித்தனம் வைத்த கதை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என்னுடைய பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாவது வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. வாடகைக்கு வீடு பார்த்து விட்டானாம். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அதில் எழுதி வைத்திருந்த சாமான் ஜாபிதாவை எனக்குப் படித்துக் காட்டினான். முப்பத்தெட்டு சாமான்கள்! முதல் சாமான் சோபா.

"சோபா" என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். பார்த்து விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் காரணம் அந்தப் பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை. நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அப்போது நான் பாளையங்கோட்டைக்கு அருகில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பட்டதாரி ஆசிரியன். "பட்டதாரி ஆசிரியர்" என்ற பெயர் கம்பீரமாகத்தான் இருந்தது. சம்பளம் 4,000 ரூபாய். அந்த வருஷங்களில் சர்க்கார் புதிதாக நியமித்த ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம் என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. பஞ்சப்படி கிடையாது, வீட்டு வாடகைப்படி கிடையாது, வருஷத்துக்கு வருஷம் ஏறுவதும் கிடையாது. மாதம் ஒரு தொகை, அவ்வளவுதான். என் தம்பி முறையாகும் ஒரு பையன் திருநெல்வேலி டவுனில் ஜவுளிக் கடையில் நின்று அதைவிட அதிகம் சம்பாதித்தான். ஆனால் அவனை யாரும் 'சார்வாள்' என்று கூப்பிடவில்லை. அந்த வித்தியாசத்தில்தான் நான் காலம் தள்ளிக் கொண்டிருந்தேன்.

கையில் மொய்ப் பணம் 11,500 ரூபாய் மிச்சம் இருந்தது. அதைத் தவிர ஒன்பது சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. கல்யாணத்துக்கு வந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே கடையில் ஒரே யோசனையுடன் நுழைந்திருக்க வேண்டும். ஒன்பதும் ஒன்பது மணி காட்டின. மணி பார்ப்பதற்கு ஒரு வீடுதான் பாக்கி.

வீடு தேடுவதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் மதிப்பாக இருக்க வேண்டும் என்பதே அது. என் மனைவியின் கொள்கை வேறு. நாங்கள் பார்க்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் அவள் முதலில் சுவரின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஈரம் கோத்திருந்தால் வெள்ளையடித்து மறைத்தாலும் கைக்குத் தெரிந்து விடுமாம். அடுக்களையில் நின்று வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பாள். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்க மாட்டாள். பக்கத்து வீட்டு மதினியிடம் போய்க் கேட்பாள். வீட்டுக்காரர் "தண்ணிக்கு என்னம்மா குறைச்சல்!" என்பார். மதினியோ, "ஒண்ணுவிட்டு ஒருநாள், காலையிலே அரை மணி நேரம்" என்று துல்லியமாகச் சொல்லுவாள். இந்த முறையில் ஐந்து வீடுகளைத் தள்ளினோம். ஆறாவதாகப் பார்த்த வளவு வீடுதான் அமைந்தது.

வளவு என்றால் நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஒரே வாசலுக்குள் வரிசையாக ஐந்தாறு வீடுகள். எல்லாருக்கும் பொதுவாகப் புறவாசலில் ஒரு கிணறு. முன்வீட்டில் வீட்டுக்கார ஆச்சி. எங்களுடையது மூன்றாவது வீடு. ஒரு தார்சா, ஓர் அறை, ஓர் அடுக்களை. மின்சாரப் பிளக்கு ஒன்றே ஒன்று. விசிறி ஓட வேண்டுமானால் இஸ்திரிப் பெட்டி ஓய்வெடுக்க வேண்டும். வாடகை 1,000 ரூபாய், முன்பணம் 5,000. அன்று பத்திரம் எதுவும் எழுதிக் கொள்ளவில்லை. ஆச்சியின் வாய்ச் சொல்தான் பத்திரம்.

பாக்கி 6,500 ரூபாய்க்கு நான் கோடு போட்ட தாளில் ஒரு ஜாபிதா தயாரித்தேன். நாற்பத்திரண்டு சாமான்கள். மேஜை, நாற்காலி, புத்தக அலமாரி, திரைச்சீலை, பூஜாடி எல்லாம் இருந்தன. என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "அரிவாள்மனை எங்கே?" என்று கேட்டாள். அது இல்லை. "தண்ணி பிடிக்க எதில் பிடிப்பது?" அதுவும் இல்லை. பென்சிலை எடுத்து அவள் அடித்துக் கொண்டே வந்தாள். கடைசியில் என் நாற்பத்திரண்டில் நான்கு மிஞ்சின. அவள் ஏழு சேர்த்தாள். மூடி போட்ட பெரிய டிரம் ஒன்று, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிவாள்மனை, முறம், சல்லடை, கொடிக்கயிறு, பாய் இரண்டு. பாத்திரங்கள் அவள் வீட்டிலிருந்து வந்திருந்தன.

பாய் வாங்குவதற்காகவே ஒரு சனிக்கிழமை பத்தமடைக்குப் பஸ் ஏறினோம். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கொண்டு வந்து, நாராகக் கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப் போட்டு, மறுபடியும் காயவைத்துப் பருத்தி நூற்பாவில் நெய்கிறார்கள். கல்யாணத்துக்கென்று மணமக்கள் பெயரைப் போட்டு நெய்கிற பட்டுப்பாய் துணியைப் போல் மடியும். விலை கேட்டாலே நமக்கு மயக்கம் வரும். நாங்கள் வாங்கியது முரட்டுப் பாய், ஒன்று 120 ரூபாய். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்க் காருகுறிச்சியில் ஒரு மண்பானையும் வாங்கினோம். பஸ்ஸில் பானையை மடியில் வைத்துக் கொண்டு அவளும், பாயைத் தோளில் சாத்திக் கொண்டு நானும் திரும்பி வந்தோம். எதிரே என் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வந்தான். நான் முகத்தைப் பாயின் பின்னால் மறைத்துக் கொண்டேன்.

குடும்ப அட்டை வாங்கப் பட்ட பாட்டைச் சொன்னால் அது தனிக் கட்டுரையாகி விடும். பிறந்த வீட்டு அட்டையிலிருந்து இருவர் பெயரையும் நீக்கின சான்று வேண்டும் என்றார்கள், வாங்கினோம். பிறகு ஓர் இடத்தில், கேஸ் இணைப்பு உண்டா இல்லையா என்று தெரிந்தால்தான் அட்டை என்றார்கள். மற்றோர் இடத்தில், அட்டை இருந்தால்தான் கேஸ் என்றார்கள். இரண்டு இடத்துக்கும் நடந்து நான்கு மாதமாயிற்று. அதுவரை மண்ணெண்ணெயை வெளி விலைக்கு வாங்கி எரித்தோம்.

ஆனால் அந்த நான்கு மாதத்துக்குள் நான் வேறொரு காரியம் செய்து விட்டேன்.

எங்கள் தலைமையாசிரியர் ஒரு நாள், "என்ன சார், புதுக் குடித்தனம் எப்படி? ஒரு நாள் வருகிறேன்" என்றார். அவர் வந்தால் எங்கே உட்காருவார்? பாயிலா? அன்று மாலையே ஒரு மரச் சாமான் கடையில் நுழைந்தேன். மூவர் அமரும் சோபா ஒன்றும் ஒற்றை நாற்காலி இரண்டும் சேர்ந்து 6,000 ரூபாய். "ரொக்கம் ஒரு காசு வேண்டாம் சார். மாதம் 600 வீதம் பன்னிரண்டு தவணை. வெறும் இருபது சதவீதம்தான்" என்றார் கடைக்காரர். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

சோபா வளவுக்கு வந்து சேர்ந்தது. தார்சா வாசலுக்குள் நுழையவில்லை. வளவில் இருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, காலைக் கழற்றிச் சாய்த்துத் திருப்பி உள்ளே தள்ளினார்கள். அதன் பிறகு தார்சாவில் சோபா இருந்தது. நடக்க இடம் இல்லை. ஆச்சி வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு சார்வாள். ஆனா காலைத் தொங்கப் போட்டு உட்காந்தா எனக்கு மூட்டு வலிக்கும்லா" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து கொண்டாள். ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியரும் வந்தார். "அடடா, பத்தமடைப் பாயா!" என்று சொல்லி அவரும் பாயிலே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து காப்பி சாப்பிட்டார். நான் சோபாவைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

மாதக் கணக்கு இப்படி ஆயிற்று. 4,000-இல் வாடகை 1,000, சோபாவுக்கு 600, ஊரிலிருந்த என் பெற்றோருக்கு 500. மிச்சம் 1,900. இதற்குள்ளே அரிசி, பால், எண்ணெய், பஸ். இந்த நிலையில் அவளுக்கு மசக்கையும் ஆரம்பித்தது. 2006-ஆம் ஆண்டு ஜனவரிச் சம்பளம் வரவில்லை. பிப்ரவரிச் சம்பளமும் தாமதம். தவணைக்காரர் மட்டும் தாமதிக்கவில்லை; தேதி தவறாமல் சைக்கிளில் வந்து மணி அடிப்பார். வீட்டில் பணம் இருந்தது. "ஏது?" என்று கேட்டேன். "சேர்த்து வைத்திருந்தேன்" என்றாள். நான் நம்பினேன். நம்புவதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வளைகாப்பு நடந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்கள். வளவே கலகலவென்றிருந்தது. ஒரு வாரம் கழித்து, ரசத்துக்குத் தாளிக்கக் கடுகு எடுத்துக் கொடுக்கும்படி அவள் சொன்னாள். கடுகு டப்பாவுக்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு இருந்தது. அடகுச் சீட்டு. அவள் தாயார் போட்ட இரண்டு தங்க வளையல்கள். ஜனவரி மாதமே போயிருக்கின்றன. அந்தக் கைகளை நான் தினந்தோறும் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன். கண்ணாடி வளையல்கள் வருவதற்கு முன் ஒரு மாதம் அவை வெறுங்கையாக இருந்திருக்க வேண்டும். அதை நான் பார்க்கவே இல்லை.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"கணக்கு வாத்தியாருக்கு நான் எப்படிக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடுகு வெடித்துக் கொண்டிருந்தது.

அந்த வாரம் எட்டாம் வகுப்புக்கு நான் கூட்டுவட்டி நடத்திக் கொண்டிருந்தேன் என்பதை வாசகர்கள் நம்ப வேண்டும். அன்றிரவு சோபாவில் உட்கார்ந்து முதன் முதலாகக் கணக்குப் போட்டேன். ஆறாயிரத்துக்கு ஆயிரத்து இருநூறு வட்டி. இருபது சதவீதம் என்பது பார்வைக்குச் சரி. ஆனால் ஆறாயிரம் ரூபாய்க் கடன் என்மேல் இருந்தது முதல் மாதம் ஒன்றுதான். மாதா மாதம் கட்டக் கட்டக் கடன் குறைகிறது. கடைசி மாதம் அறுநூறு ரூபாய்கூடப் பாக்கி இல்லை. அசலை மட்டும் மாதம் 500 வீதம் திருப்புவதாக வைத்துக் கொண்டால், வருஷம் முழுவதும் சராசரியாக என்னிடம் இருந்த கடைக்காரர் பணம் 3,250 ரூபாய்தான். அதற்கு 1,200 வட்டி! மாதம் மாதமாகத் திருத்தமாகப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு நூற்றுக்கு 35 ரூபாய்க்குக் குறையவில்லை. ஒரு பையன் பரீட்சையில் இப்படி இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன்.

மே மாதம் எங்கள் பெண் பிறந்தாள். 2006 ஜூன் முதல் தேதியிலிருந்து தொகுப்பூதிய ஆசிரியர்களுக்குக் காலமுறைச் சம்பளம் என்று உத்தரவாயிற்று. புதுச் சம்பளம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக வளையல்களை மீட்டேன். அவற்றை அவள் உடனே போட்டுக் கொள்ளவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பல நாள் கழித்துத்தான் கையில் ஏறின. சோபாவோ, தவணை முடிந்த மறுவருஷமே உளுத்து மாவு கொட்ட ஆரம்பித்தது. தேக்கு என்று சொல்லி விற்றது மாம்பலகை என்று தச்சர் சொன்னார். அதன் முதுகுப் பலகை ஒன்று இன்றைக்கும் எங்கள் கொல்லையில் துளசித் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது.

இவ்வளவையும் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டான். "ஆனால் சார், இப்போதெல்லாம் வட்டியில்லாத் தவணை வந்து விட்டது" என்றான். 2013-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும் என்று எச்சரித்ததைச் சொன்னேன். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, தவணைக்கு என்ன கட்டணம் என்று கடையில் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன். அங்கேயே கைப்பேசியில் பார்த்தான். ரொக்கத்துக்கு 4,000 ரூபாய் தள்ளுபடி இருந்தது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

வாடகை 16,000, முன்பணம் பத்து மாதம் கேட்கிறார்கள் என்றான். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்து கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தையும் எழுத்தில் செய்து பதிய வேண்டும். ஆகையால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசு, போட்ட பிறகு பேசிப் பிரயோசனமில்லை என்றேன். வாய்ச் சொல்லை நம்பிக் குடியிருந்தவன் நான். எனக்கு வாய்த்த ஆச்சி எல்லாருக்கும் வாய்க்க மாட்டாள்.

என் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தாள். அவன் கைப்பேசியை வாங்கி ஜாபிதாவை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள்.

"அரிவாள்மனை இல்லையே, தம்பி" என்றாள்.

"கத்தி இருக்கிறதம்மா."

"சரி. அந்த வீட்டில் தண்ணி எப்போது வரும்?"

அவன் விழித்தான். "வீட்டுக்காரர், தண்ணிக்குக் குறைச்சலே இல்லை என்றார்" என்றான்.

"பக்கத்து வீட்டில் கேட்டாயா?" என்றாள் என் மனைவி.