வாடிய கடலைக்குப் பசியா, தாகமா?

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் ஆடிப்பட்டத்தில் மானாவாரிக் கடலை விதைத்தவருக்கு, பூ எடுத்த பிறகு வானம் பொய்த்தால் தூக்கம் வராது. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு மண்ணுக்குள் போயிருக்கிறது. பெரும்பாலும் அது கடன் வாங்கிய விதை. இலை வெளிறுகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் யூரியா தூவிவிட்டார் என்று வீட்டில் பேச்சு வருகிறது. கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பது?

ஆனால் செடி உரத்தைத் தண்ணீரில் கரைந்த நிலையில்தான் உறிஞ்சும். காய்ந்த மண்மேல் தூவிய யூரியாவில் ஒரு பங்கு, பனி ஈரம் பட்டதும் அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். அடுத்து மழை பெய்தால் கொடி தளதளவென்று செழிக்கும். செழித்த கொடிக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டும். மண்ணில் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் அது சீக்கிரம் குடித்துவிடும். அறுவடையில் மாட்டுக்குத் தீனி மிஞ்சும், மூட்டை குறையும்.

கடலை தன் தழைச்சத்தில் பெரும்பங்கைத் தானே தேடிக்கொள்ளும் பயிர். களை வெட்டும் பெண்கள் இதைக் கண்ணால் பார்க்கிறார்கள். தவறிப் பிடுங்கிய செடியின் வேரில் குருணை குருணையாக முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். வறட்சியில் அந்த வேலை மந்தமாகும். மண்ணில் தழைச்சத்தைக் கூட்டினாலோ, செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும்.

மானாவாரிக் கடலைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டருக்கு 10 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 4 கிலோ. அதாவது சுமார் 9 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டையைக் கொட்டினால் அது ஐந்து மடங்கு.

வெளிறிய இலையையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். நடுப்பகலில் இலை மடங்கி, விடியலில் விரிந்தால் தாகம். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் நரம்பு பச்சையாக, கொழுந்து மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியா மருந்தல்ல.

யூரியாவுக்குப் போகும் பணம் களைவெட்டுக்குப் போனால், களை குடிக்கும் ஈரம் கடலைக்கு மிஞ்சும். மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் காய் திரளும். விழுது இறங்கிய பின் மண்ணைக் கிளறக் கூடாது. காய் முற்றும்போது வறட்சி கண்ட கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாக்கும் பூசணம் ஏறும். அதைத் தனியாகப் பறித்து நன்றாகக் காயவைக்க வேண்டும். பூசணம் பிடித்த பருப்பு மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

எள், ஆமணக்கு, சூரியகாந்திக்கு இந்த வேர் முடிச்சு கிடையாது. தழைச்சத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அதையும் மண்ணில் ஈரம் உள்ள நாளில் கொடுப்பதே கணக்கு. கடலைக்காரர் மூட்டை வாங்கக் கடைக்குப் போகுமுன், மண்வெட்டியோடு ஒருமுறை காட்டுக்குப் போய் நான்கு செடியின் வேரைப் பார்ப்பது நல்லது.