தொள்ளாயிரம் பாகை

எங்கள் பங்கில் மாலைச் செபமாலை முடிந்தபின், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆலயத்தை அடுத்த மன்றத்தில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தருவது வழக்கம். கணக்குக்கு ஆசிரியர் கிடைக்காத ஓர் ஆண்டில் அப்பொறுப்பை நானே ஏற்றேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு வடிவக் கணிதம் பள்ளி நாள்களோடு விடைபெற்றுப் போன ஒன்று. ஆயினும் பிள்ளைகளின் பாடநூலை இரவில் படித்துவிட்டு, மறுநாள் மாலை அதைக் கரைத்துக் குடித்தவன்போலக் கரும்பலகைக்கு முன் நிற்பதில் எனக்கு ஓர் இன்பம் இருந்தது. அதை மறைப்பானேன்?

அன்று பலகோணங்களின் உட்கோணங்கள். முதலில் ஆளுக்கொரு காகித முக்கோணம் வெட்டச் சொன்னேன். அதன் மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் கூடுமாறு பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். எவர் வெட்டிய முக்கோணமாயினும் மூன்று மூலைகளும் சேர்ந்து ஒரு நேர்கோட்டில் அமைந்தன. 180 பாகை. பிள்ளைகளின் முகங்களில் வியப்பு, எனக்கும்தான்.

அடுத்து ஐங்கோணம். ஒரு முனையிலிருந்து எதிரிலுள்ள முனைகளுக்கு மூலைவிட்டங்கள் வரைந்தால் அது மூன்று முக்கோணங்களாகப் பிரியும். மூன்று 180 என்றால் 540 பாகை. பக்கங்களின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து 180 ஆல் பெருக்கு. எல்லாப் பலகோணத்துக்கும் இதுவே விதி என்று எழுதி, அதைச் சுற்றிக் கட்டமும் போட்டேன். பிறகு, ஐங்கோணத்தை அவரவர் குறிப்பேட்டில் தாமே பிரித்துப் பார்க்கும்படி சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். அதிகம் பேசாதவன். "சாமி, எனக்குத் தொள்ளாயிரம் வருது" என்றான்.

"தொள்ளாயிரமா? இந்த ஐங்கோணத்தை எந்தக் கடையில் வாங்கினாய்?" என்றேன்.

மன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் உட்கார்ந்து குறிப்பேட்டை மூடிக்கொண்டான். நான் அடுத்த கணக்குக்குப் போனேன்.

இரவு செபங்களை முடித்துவிட்டு, திருத்துவதற்காக வாங்கி வந்திருந்த குறிப்பேடுகளை எடுத்தேன். அவனுடையது நான்காவதாக இருந்தது. அவன் முனையிலிருந்து கோடு வரையவில்லை. ஐங்கோணத்தின் நடுவே ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து ஐந்து முனைகளுக்கும் ஐந்து கோடுகள் இழுத்திருந்தான். முக்கோணங்கள் மூன்றல்ல, ஐந்து. ஐந்து 180 தொள்ளாயிரம். பெருக்கலில் பிழையே இல்லை. நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்கள் அவனே கொண்டுவந்து வைத்தவை. ஐங்கோணத்தின் மூலைகளுக்கு உரியவை அல்ல. அவை சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை. அதைக் கழித்துவிட்டால் 540. ஒரே ஒரு படி எஞ்சியிருந்தது. "ஏன் அப்படி வந்தது, காட்டு" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவனே அந்தப் படியையும் ஏறியிருப்பான்.

குருமடத்தில் இறைவனின் எல்லாம் வல்ல தன்மையைப் பற்றிப் படித்த பாடம் ஒன்று அப்போது நினைவில் எழுந்தது. இறைவனாலும் செய்ய இயலாதவை எவை என்று ஆராயும் புனித தாமஸ் அக்குவினாஸ், நேர்கோடுகளாலான முக்கோணத்தின் மூன்று கோணங்களும் இரண்டு செங்கோணங்களுக்குச் சமமாகாதபடி இறைவனாலும் செய்ய முடியாது என்கிறார். 13ஆம் நூற்றாண்டில் எழுதியவர் 'நேர்கோடுகளாலான' என்ற சொல்லையும் விடாமல் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் பூகோள உருண்டையின் வட துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு இரண்டு கோடுகளைச் செங்கோணம் விலக்கி இறக்கினால், அங்கே அமையும் முக்கோணத்தில் 270 பாகை இருக்கும். எந்த வகை முக்கோணம் என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மேதை பேசினார். நானோ சிறுவனின் படத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. குறிப்பேட்டில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தனுப்பினால் போதாதா என்று மனம் வழி தேடியது. வாரந்தோறும் ஒப்புரவு அருட்சாதனத்தில் பிறர் சொல்வதைக் கேட்டு, பழுதான உறவைச் சரிசெய்யுங்கள் என்று அறிவுறுத்துகிறவன் நான். பதின்மூன்று வயதுச் சிறுவனிடம் அதைச் செய்ய எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வலையைச் சரிசெய்து கொண்டிருந்த தாயார் பதறி எழுந்தார். "என்ன சாமி, பிள்ளை ஏதும் தப்புப் பண்ணிட்டானா?" என்று கேட்டார். "அவன் இல்லையம்மா, நான்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அன்று மாலை வந்தான்.

எங்கே சிரித்தோமோ அங்கேயே சொல்வதுதான் முறை. "உங்கள் நண்பன் போட்ட வழி சரியானது. பார்க்காமல் கேலி செய்தது என் தவறு" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை அவனிடம் நீட்டினேன். புள்ளி வைத்தான். ஐந்து கோடுகள் இழுத்தான். 900 எழுதிச் சற்று நின்றான். பிறகு நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டு, "இதை எடுத்துடணும்" என்றான். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றே அவன் இன்னொன்றும் கேட்டான். "சாமி, நம்ம கோயில் மாதிரி இருந்தா?" எங்கள் ஆலயம் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. அதன் தரைப்படத்தைப் பலகையில் வரைந்து, என் கட்டமிட்ட விதியின்படி ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைகளுக்குக் கோடிழுத்தேன். சில கோடுகள் சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டன. அழித்துவிட்டு வேறொரு மூலையிலிருந்து இழுத்தேன். அப்போதும் அப்படியே. விதி பொய்க்கவில்லை, நான் பிரித்துக் காட்டிய முறைதான் அந்த வடிவத்துக்கு ஒத்துவரவில்லை.

அவன் எழுந்து வந்து, படத்தின் நடுவில் விரல் வைத்தான். "இங்கே, நன்மை வாங்க நிக்கிற இடத்துல புள்ளி வச்சா எல்லா மூலையும் தெரியும் சாமி." தெரியத்தான் செய்தது. பன்னிரண்டு மூலைகள், பன்னிரண்டு முக்கோணங்கள். 2160இல் 360 போக 1800 பாகை. ஒரு மாணவி வேறு வழியில் சரிபார்த்தாள்: வெளிப்புறமாக அமைந்த எட்டு மூலைகள் 90 பாகை வீதம் 720, உள்நோக்கி மடங்கும் நான்கு மூலைகள் 270 பாகை வீதம் 1080. கூட்டினால் அதே 1800.

மூலைகள் பன்னிரண்டுதானா என்று ஒருவனுக்கு ஐயம். எல்லாரும் எழுந்து ஆலயத்துக்குள் போனோம். விளக்கை அணைக்க வந்த கோயில்பிள்ளை, சுவரோரமாக வரிசையில் நடந்த எங்களைப் பார்த்து, "என்ன சாமி, இந்நேரத்தில் சிலுவைப்பாதையா?" என்றார்.

"மூலை எண்ணுறோம்" என்று முன்னால் நடந்துகொண்டிருந்த அவன்தான் பதில் சொன்னான்.