புலி என்ன செய்யும்?



சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜொகூர் பாரு தான் ஹியோக் நீ சாலைக்கு வாழைப்பழக் கேக் வாங்கச் சென்றேன். விறகடுப்பில் வேகும் அந்தக் கேக்கின் மணம் தெருமுனையிலேயே நம்மை இழுத்துவிடும். அன்றோ மணத்திற்கு முன்பாக இசை வந்து இழுத்தது. பழைய கடைவீடுகளுக்கு இடையே சாலையை மறித்து, வட்டாரக் குழுக்களின் திறந்தவெளி இசைவிழா நடந்து கொண்டிருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றவன், மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்பினேன்.

முதலில் ஜொகூர் கசல். மலாய்ப் பாடலுக்கு ஆர்மோனியம், தபேலா, வயலின், காம்புஸ் ஆகியவை துணை நின்றன. காம்புஸ் என்பது அராபிய வழிவந்த நரம்புக் கருவி. ஆர்மோனியமும் தபேலாவும் இந்தியாவிலிருந்து வந்தவை. இன்று அவை ஜொகூர் மலாய்க்காரர்களின் சொந்த மரபாகவே ஆகிவிட்டன.

அடுத்து, சீன மாணவர்களின் 24 பருவ முரசுகள். இக்கலை பன்னெடுங்காலத்திற்கு முன் சீனாவில் தோன்றியது என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் இது பிறந்தது இதே ஜொகூர் பாருவில், 1988ஆம் ஆண்டில். தான் சாய் புவான், தான் ஹூய் சோங் என்னும் இருவர் இதனை உருவாக்கினர். முதல் குழு பூன் இயூ உயர்நிலைப்பள்ளியில் அமைந்தது. சீன வேளாண் நாட்காட்டி ஆண்டினை 24 பருவங்களாகப் பகுக்கிறது. ஒவ்வொரு முரசின் மீதும் ஒரு பருவத்தின் பெயர் தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். 2009இல் மலேசிய அரசு இதனைத் தேசிய மரபுடைமையாக அறிவித்தது. பள்ளியில் வேர்விட்ட ஒரு கலை இருபத்தோர் ஆண்டுகளில் நாட்டின் உடைமையாயிற்று.

மூன்றாவதாக உறுமி மேளம் வந்தது. உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்ற சிறுவனைக் கண்டதும் திடுக்கிட்டேன். என் ஐந்தாம் ஆண்டு வகுப்பு மாணவன். சில மாதங்களுக்கு முன் மேசையில் தாளம் போட்டதற்காக அவனை நான் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். "இது பள்ளிக்கூடமா, இழவு வீடா?" என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அந்தச் சொல் என் வாயில் எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். என் தந்தையார் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவிற்கும் இழவிற்கும் தப்படித்தவர். காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, அந்தத் தீயில் தப்பைக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பதம் பார்ப்பார். அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளி நண்பர்கள் கேட்டால், "பால்மரம் சீவுகிறார்" என்று மட்டும் சொல்வேன். அது பொய்யன்று, பாதி உண்மை. மறு பாதியை அவர் மறைந்த பிறகும் நான் சொன்னதில்லை.

இடையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாக் குழுவினரும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கடையோர ஐந்தடியில் ஒதுங்கினர். முரசுக் குழுச் சிறுமி ஒருத்தி, தன் முரசில் எழுதியிருந்தது "தானிய மழை" என்னும் பருவம் என்று மலாய்மொழியில் விளக்கிவிட்டு, "உன் கருவியின் பெயருக்கு என்ன பொருள்?" என்று என் மாணவனைக் கேட்டாள். அவன் விழித்தான். சுற்றுமுற்றும் பார்த்தவன் என்னைக் கண்டுவிட்டான். அஞ்சி ஒதுங்குவான் என்று நினைத்தேன். அருகில் வந்து, "ஐயா, உறுமிக்கு ஏன் அந்தப் பேரு?" என்றான்.

"புலி என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"உறுமும்" என்றான் உடனே. மரபுச்சொல் பாடத்தில் மனனம் செய்த விடை. மறுகணம் அவன் கண்கள் விரிந்தன. வளைந்த குச்சியால் தோலை ஒரு முறை தேய்த்தான். ஐந்தடி முழுவதும் உறுமியது. சிறுமி அஞ்சுவது போல் நடித்துச் சிரித்தாள். அவளுக்கு அவனே மலாயில் விளக்கினான்.

எனக்குத்தான் சிரிக்க இயலவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று தேர்வுக்காக மனனம் செய்து மதிப்பெண் பெற்றவன் நான். நிலத்திற்கொரு பறை வைத்திருந்த இனம் நாம் என்று மேடையில் பேசியும் இருக்கிறேன். அந்த வாயால்தான் மேசையில் தாளம் போட்ட சிறுவனை இழவு வீட்டைச் சொல்லி இகழ்ந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, வகுப்பில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, என் தந்தையார் தப்படித்தவர் என்று மாணவர்களிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் தடுமாறியது. மாணவர்களோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லா அடிப்பாரா ஐயா?" என்று மட்டும் கேட்டான் ஒருவன்.

"மிக நன்றாக அடிப்பார்" என்றேன்.

உறுமி மேளத்தைச் சுற்றி வீண் கூச்சலும் சச்சரவும் நேர்வதுண்டு. பெற்றோரின் அச்சத்தை நான் அறிவேன். ஆயினும், பிள்ளைகள் கையிலெடுக்கும் கருவியை நாம் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டால், அதனை அவர்களுக்கு வேறு எவரோ கற்பிப்பார். பாட நேரத்தில் மேசையில் தாளம் போடுவதை இப்போதும் நான் அனுமதிப்பதில்லை. ஆனால், அடுத்த கலைநிகழ்ச்சியில் உறுமிக்கு ஓர் இடம் வேண்டும் எனத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். உங்கள் பள்ளிகளில் இதனை எவ்வாறு கையாளுகிறீர்கள் என அறிய விழைகிறேன்.