'ஹிஸ்டீரியா'வும் நான் அடிச்ச ஒரு ஜோக்கும்

ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன்கிட்ட டெஃப் லெப்பர்டோட 'ஹிஸ்டீரியா' கேசட் இருந்துச்சு. ராத்திரியானா போட்டு உயிரை எடுப்பான். நாங்கள்லாம் அப்போ மெட்டாலிக்கா கோஷ்டி. பரட்டைத் தலை, கிழிஞ்ச ஜீன்ஸ், கூட்டமா ஒரு கோரஸ்... இதெல்லாம் மெட்டலா? "டிரம்ஸ் வாசிக்கிறது ஆளா, மிஷினாடா?"ன்னு ஒருநாள் கேட்டேன். "அந்தாளுக்கு ஒரு கை கிடையாதுடா"ன்னான். "அதான் அரைகுறையா கேக்குது"ன்னு நான் சொல்ல, ரூமே சிரிச்சுது. அவன் சிரிக்கலை.

போன வாரம் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு முழு ஆல்பத்தையும் கேட்டேன். 12 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல.

அந்த டிரம்மர் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31-ம் தேதி கார் விபத்துல இடது கை போனப்போ வயசு 21. மத்தவங்க வேற ஆள் தேடலை. அந்தக் கையோட வேலையை இடது காலுக்குப் பழக்கினார் மனுஷன். அதுக்குன்னே பெடல் வச்ச எலக்ட்ரானிக் டிரம்ஸ் தயாராச்சு. 1986 ஆகஸ்டுல டோனிங்டன் மேடையில ஏறி வாசிச்சார்.

நான் சொன்ன 'மிஷின்' ஒண்ணும் பொய்யில்லை. ஆல்பத்துல கேக்குற டிரம்ஸ், சாம்பிள்களைக் கோத்துக் கட்டினதுதான். தயாரிப்பாளர் மட் லேங்கி எல்லாத்தையுமே அப்படித்தான் கட்டினார். டைட்டில் பாட்டுல கிட்டார் கார்டுகளை நோட் நோட்டா தனியா பதிஞ்சு அடுக்கியிருக்காங்க. குரல்களும் அப்படியே, அடுக்கு மேல அடுக்கு. இதைத்தான் பிளாஸ்டிக்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். சோம்பேறித்தனமா பண்ணினதுன்னு நினைப்பு! முந்தின ஆல்பம் 'பைரோமேனியா' வந்தது 1983-ல. இது வந்தது 1987 ஆகஸ்டுல.

லேங்கிக்கு ராக்கில் ஒரு 'த்ரில்லர்' பண்ணணும்னு ஆசை. அதான் எல்லாப் பாட்டும் ஹிட்டாகணும்னு முறைக்குது. ஏழு பாட்டு சிங்கிளா வந்துச்சு. ஆனாலும் அமெரிக்காவில் ஆல்பம் முதலிடம் பிடிக்க 1988 ஜூலை ஆயிடுச்சு. உலகம் பூரா 2 கோடிக்கு மேல வித்துருக்கு.

அதுக்காக எல்லாம் பிரமாதம்னு சொல்ல வரலை. வரிகள் இப்பவும் மொக்கைதான். 'ரன் ரயட்', 'எக்ஸைட்டபிள்' ரெண்டையும் கழட்டி விட்டிருக்கலாம். ஆனா 'லவ் பைட்ஸ்'ல அந்த டிரம்ஸ் ஒவ்வொரு அடிக்கும் நிதானமா இடம் விட்டு விழுது பாருங்க... அதைத்தான் நான் அரைகுறைன்னேன்.

ராத்திரி நண்பனுக்கு போன் போட்டேன்.

"ஹிஸ்டீரியா கேட்டேன்டா."

"பி சைடுமா?"

"முழுசா. அன்னிக்கு ஒரு ஜோக் அடிச்சேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு"ன்னான். சட்டுனு சொன்னான்.

சாரி சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எக்ஸைட்டபிள் நல்லாருக்குல்ல?"ன்னான்.

நல்லாருக்குடான்னு சொல்லிட்டேன் :-)