ஊக்கு மாட்டிய செருப்பு

சித்திரை வெயிலில் பூம்புகார்க் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பத்தடி வைத்தால் போதும், யாராயிருந்தாலும் அலையைப் பார்த்து ஓடுவார்கள். ஓடாமல் நிதானமாக நடந்து போகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பதறும். சர்க்கரை முற்றிப் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காது. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியும்.

பெரியப்பாவுக்கு வினை வந்தது மணலில் இல்லை, செருப்பில். கோடை முழுக்க அவருக்கு ஒரே ரப்பர் செருப்புதான். விரலிடை வாரின் குமிழ் தேய்ந்து ஓட்டை வழியே பிடுங்கிக்கொண்டு வந்தால், அடியில் ஒரு ஊக்கைக் குறுக்கே மாட்டி ஓட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஊக்கு வாய் திறந்து, தேய்ந்த ரப்பரைத் துளைத்து மேலே வந்துவிட்டது. காய்ந்த ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, குத்தலையா?" என்றேன். "என்ன குத்துது? ஒண்ணுமில்லையே" என்றார். புண் ஆறுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. சீமைக்கருவேல முள்ளும் இப்படித்தான்: அடியில் ஏறி முறிந்து உள்ளேயே நிற்கும், முழு எடையும் விழும்போது மட்டும் முனை எழும்பும். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துப் பார்த்து, உள்பக்கம் கையால் தடவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்து இதைத்தான் சொன்னார். சதை தானாக அழுகுவதில்லை. வலி தெரியாத கால் திரும்பத் திரும்பக் காயப்படுகிறது. அவர்களுக்கென்று வந்த மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதித் தருகிறார்கள். பின்வார் இருப்பதால் விரலால் கவ்விப் பிடிக்க வேண்டியதில்லை.

சிலப்பதிகாரத்தில், புகாரிலிருந்து நடந்து வந்த கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கையில் கவுந்தியடிகள் அவள் பாதத்துக்காக இரங்குகிறார். கணவன் படும் பாட்டுக்கே வாடி, தன் பாட்டைக் கவனியாதவள் என்கிறார். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான். ராத்திரியில் பெரியப்பாவின் காலை விளக்கடியில் விரித்துப் பார்ப்பவர் பெரியம்மா. சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, குதிகாலுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் தடவுவார். நடவு நட்டு விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் குதிகாலில் பித்தவெடிப்பும் கண்ட அவர் கால்களை யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சர்க்கரை உண்டு.

இந்த முறை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரையும் உட்காரவைத்தோம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார்கள். இடது பெருவிரலில் தொட்டது பெரியம்மாவுக்குத் தெரியவே இல்லை. அன்றே அவருக்கும் எம்.சி.ஆர். செருப்புக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம்.